முதல் பத்திரமா?

தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றி ஒரு நாழிகை நடந்து வருபவர், பிறர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளச் சித்தமாய்த் திறந்திருக்கும் கதவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் வியப்படைவார். பாங்கிகள், நிதிகள், சீட்டுக் கம்பெனிகள், நகைக் கடைகளின் மாதச் சேமிப்புத் திட்டங்கள், இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டுகள் என்று உஸ்மான் ரோடு முழுவதும் பெயர்ப் பலகைகள் மின்னுகின்றன. 1920-களில் ஏரியைத் தூர்த்து எழுப்பிய இந்நகரில் இன்று தங்கமும் பணமும் ஏரியளவு புரளுகின்றன என்றால் அது மிகையாகாது. ஆனால் எந்தக் கதவுக்குள் போன பணம் திரும்பி வரும், எதனுள் போனது திரும்பி வராது என்பதைப் பலகையின் பிரகாசத்தைக் கொண்டு அறிய முடியாது.

நமது ஜனங்கள் பணத்தைப் போடுமுன் கேட்கிற முதல் கேள்வி, "வட்டி என்ன?" என்பது. இரண்டாவது கேள்வி, "யார் நடத்துகிறார்கள்?" என்பது. இவ்விரண்டும் போதா. "இக்கதவுக்குப் பின்னால் நிற்கும் சட்டம் எது? ஸ்தாபனம் முறிந்தால் எனக்குப் பொறுப்பு யார்?" என்பதே முதற் கேள்வியாக இருக்கவேண்டும் என்பது நமது துணிபு. இது புதிதாக நாம் கண்டுபிடித்த உபதேசமன்று. சென்னை நகரம் நூறு வருஷத்திற்கு மேலாகக் கண்ணீர் விட்டுக் கற்ற பாடம்.

பெயரை நம்பியவர்கள்

1906 அக்டோபர் 22-ஆம் தேதி அர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்தது. துரைமார் கம்பெனி என்பதே ஜாமீன் என்று எண்ணி, பென்ஷன்காரர்களும் விதவைகளும் வியாபாரிகளும் அதில் பணம் போட்டிருந்தனர். அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அதனால் பணம் இழந்த குடும்பங்களின் அடுப்பு எரிந்துவிடவில்லை. அந்தத் துயரத்திலிருந்தே, வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலிய தேசாபிமானிகளின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்கி தோன்றியது.

வெள்ளையர் கம்பெனிதான் மோசம், சுதேசிக் கம்பெனி என்றால் அபாயமில்லை என்று யாரேனும் முடிவு கட்டினால் அதுவும் பிழை. 1938-இல் திருவாங்கூர் நாஷனல் அண்டு குயிலான் பாங்கி முறிந்தது. 1960-இல் பாலாய் சென்ட்ரல் பாங்கி முறிந்தது. இரண்டும் நம்மவர் நடத்தியவையே. தேசபக்தி நல்ல குணம். அது டிபாசிட்டுக்கு ஈடாகாது. பழமையும் ஈடாகாது. 1872-இல் பிறந்த மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் பண்டில் பணம் போட்டவர்கள், முதிர்ந்த தொகையைக் கேட்டுக் கிடைக்காமல் முறையிட, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக டைரெக்டர் கைது செய்யப்பட்டார். குற்றம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது கோர்ட்டு. அதைப்பற்றி நாம் அபிப்பிராயம் சொல்வது முறையன்று. ஆனால் "நூற்றைம்பது வருஷத்து ஸ்தாபனம்" என்ற ஒரே சொல்லை நம்பி, உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற பணத்தை முழுவதும் ஓரிடத்தில் வைத்தவர்களின் நிலையைச் சொல்லாதிருப்பது கடமை தவறுவதாகும்.

ஐந்து லட்சத்தின் எல்லை

பாலாய் பாங்கி முறிந்ததன் பலனாக ஒரு நன்மை விளைந்தது. 1961-இல் டிபாசிட் இன்ஷியூரன்ஸ் சட்டம் நிறைவேறி, 1962 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. அன்று ஒருவருக்குக் கிடைத்த பாதுகாப்பு ரூ. 1,500. பின்னர் படிப்படியாக உயர்ந்து 1993-இல் ரூ. 1 லட்சமாகி, 2020 பிப்ரவரி முதல் ரூ. 5 லட்சமாயிற்று. இதற்குரிய பிரீமியத்தைப் பாங்கியே கட்டுகிறது.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பங்கள் சில உண்டு. ரூ. 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்ந்த தொகை. அது ஒரு பாங்கியில் ஒருவருக்கு. ஒரு கிளைக்கு அன்று. தியாகராய நகர்க் கிளையில் ஐந்தும் மயிலாப்பூர்க் கிளையில் ஐந்தும் போட்டாலும் பாங்கி ஒன்றேயானால் பாதுகாப்பு ஐந்துக்கே. வேறு பாங்கியில் போட்டால் அங்கே தனியாக ஐந்து. கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, இருவர் பெயரிலும் கூட்டாக ஒன்று என்றிருந்தால், அவை தனித்தனி உரிமைகளாகவே கணக்கிடப்படும். கூட்டுறவு பாங்கிகளுக்கும் இப்பாதுகாப்பு உண்டு. ஆனால் கிராமத்துப் பிரதம விவசாயக் கூட்டுறவு சங்கங்களுக்கு இல்லை. தபாலாபீஸ் சேமிப்புக்கோ சர்க்காரே நேரில் பொறுப்பாளியாதலால் ஐந்து லட்சம் என்ற எல்லை அங்கே எழுவதில்லை.

மற்றக் கதவுகள்

நிதி என்பது பாங்கியன்று. அது தன் அங்கத்தினரிடமே பணம் வாங்கி, அங்கத்தினருக்கே நகை, வீடு முதலியவற்றின் ஈட்டின்மேல் கடன் கொடுக்கும் கம்பெனி. 2014-ஆம் வருஷத்து நிதி விதிகளின்படி டிபாசிட் கேட்டு அது விளம்பரம் செய்யலாகாது, சீட்டு நடத்தலாகாது, வருஷத்திற்கு நூற்றுக்கு 12½-க்கு மேல் வட்டி கொடுக்கலாகாது. இவ்விதிகளில் ஒன்றை மீறி ஒரு நிதி நம்மை அழைக்குமானால், அந்த அழைப்பே எச்சரிக்கை. விதிப்படி நடக்கும் நிதிகளும் உண்டு. ஆனால் அவற்றின் டிபாசிட்டுக்கு மேற்சொன்ன இன்ஷியூரன்ஸ் கிடையாது. பாங்கியல்லாத பைனான்ஸ் கம்பெனிகளுக்கும் அது கிடையாது. ரிஸர்வ் பாங்கியின் அனுமதி பெற்றவை மட்டுமே ஜனங்களிடம் டிபாசிட் வாங்கலாம்.

சீட்டு நம் நாட்டுப் பழைய வழக்கம். அதை நாம் இகழவில்லை. அவசரத்துக்குக் கடனாகவும் ஒழுங்குக்குச் சேமிப்பாகவும் அது உதவுகிறது. 1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டையும் தொடங்குமுன் முன்னனுமதி பெற்றுப் பதிவு செய்யவேண்டும். நடத்துபவர் பதிவாளரிடம் ஈடு காட்டவேண்டும். அவருடைய கமிஷன் நூற்றுக்கு ஏழைத் தாண்டலாகாது. கம்பெனி பதிவாகியிருக்கிறது என்ற பதிலோடு திருப்தியடையாமல், தாம் சேரும் அந்தச் சீட்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கவேண்டும்.

நகைக் கடைத் திட்டங்கள் பதினொரு மாதத்தில் ஏன் முடிகின்றன என்று பலர் யோசிப்பதில்லை. கம்பெனி விதிகளின்படி, சரக்குக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் சரக்காகக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்துக்கொண்டால் அது டிபாசிட்டாகி, வேறு கட்டுப்பாடுகளுக்கு உள்ளாகும். ஆகவே சட்டத்தின் கண்ணில் நாம் முன்பணம் கொடுத்த வாடிக்கைக்காரரே. கடை முறிந்தால் ஈடற்ற கடன்காரர்களின் வரிசையில் நிற்கவேண்டும். எந்த நாள் விலைக்குத் தங்கம் கணக்கிடுவார்கள், சேதாரத்திலும் செய்கூலியிலும் எவ்வளவு தள்ளுபடி என்பவற்றை முதல் தவணைக்கு முன்பே எழுத்தில் பெறுவது நலம்.

நல்ல பாங்கியின் உள்ளேயும் ஒரு கதவு இருக்கிறது. டிபாசிட் போட வந்த முதியவரிடம், அதைவிட நல்லது என்று ஆயுள் இன்ஷியூரன்ஸ் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைப்பற்றிப் புகார்கள் பல. ஒரு வருஷ டிபாசிட் என்று எண்ணியது, வருஷந்தோறும் பிரீமியம் கட்டவேண்டிய நீண்டகால ஒப்பந்தமாக முடிகிறது. பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள், வேண்டாமென்று எழுதித் திருப்பியனுப்பும் உரிமை உண்டு. சிறு கழிவு போகப் பணம் திரும்பும். வந்த கவரைப் பிரிக்காமல் பெட்டியில் வைப்பவர் அவ்வுரிமையை இழக்கிறார்.

ஒரு சிறு கணக்கு

மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்று ஒருவன் சொல்கிறான். லட்சம் கொடுத்தவருக்கு மாதம் பதினாயிரம் தவறாமல் வருகிறது. அவர் அகமகிழ்ந்து மைத்துனரையும் சம்பந்தியையும் சேர்த்துவிடுகிறார். பத்து மாதம் இப்படிக் கொடுப்பதற்கு எந்த வியாபாரமும் வேண்டியதில்லை. அவர் கொடுத்த லட்சமே போதும். ஆருத்ரா கோல்டு டிரேடிங் விஷயத்தில், மாதம் நூற்றுக்கு 25 முதல் 30 வரை தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் ரூ. 2,438 கோடி திரட்டியதாகப் போலீஸார் 2022-இல் தொடுத்த வழக்கு கூறுகிறது. அந்த விகிதத்தில் நான்கு மாதத்திற்குள் போட்டவரின் முதலே வட்டியாக அவரிடம் திரும்பிவிடும். ஆகையால், "ஒழுங்காக வட்டி வருகிறதே" என்பது நேர்மைக்குச் சாட்சியாகாது.

பணம் சிக்கிவிட்டதென்று தெரிந்தவுடன், ஏஜெண்டு சொல்லும் தவணைக்குக் காத்திராமல் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுக்கவேண்டும். 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு டிபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டப்படி மோசக்காரரின் சொத்தை ஜப்தி செய்து பங்கிடலாம். 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டத்தைச் செல்லுமென உறுதி செய்தது. ரசீதும் பாஸ் புஸ்தகமும் இல்லாதவனுக்குச் சட்டம் செய்யக்கூடியது சொற்பம். ஜப்தியாகும் சொத்தும் இழந்த தொகைக்கு ஈடாகும் என்ற நிச்சயம் இல்லை.

தேசத்தொண்டில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் கூட்டவும் ஊர்வலம் நடத்தவும் அறிந்த நீங்கள், உங்கள் வீதியிலுள்ள பென்ஷன்காரரையும் தனித்திருக்கும் தாய்மாரையும் மாதம் ஒருமுறை கூட்டி, அவர்கள் கையிலுள்ள ரசீதுகளைப் படித்துச் சொல்லுங்கள். இது அரசியலுக்குப் புறம்பான வேலையென்று நினைக்கவேண்டாம். ஏமாற்றப்பட்ட குடும்பம் எந்தச் சுதந்திரத்தையும் முழுமையாக அனுபவிக்க முடியாது. வட்டி சிறிது குறைந்தால் ஒருவேளைக் காப்பி குறையும். முதல் போனால் முதுமையே போய்விடும்.