அப்டேட் போட்டதும் லேப்டாப்பில் சத்தமே வரலையா? ஸ்பீக்கரை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ராத்திரி தூங்கப் போகும் முன் லினக்ஸ் லேப்டாப்பில் அப்டேட் போட்டீர்கள். காலையில் ஆன் செய்தால் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது, சத்தத்தைத் தவிர. பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ வேறு. செட்டிங்ஸைத் திறந்தால், ஸ்பீக்கர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்று காட்டுகிறது.

இந்த நேரத்தில் பதற்றத்தில் பலரும் செய்வது இரண்டு. 'ஸ்பீக்கர் போயிடுச்சு' என்று சர்வீஸ் கடைக்கு ஓடுவது, இல்லையென்றால் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது.

கெர்னலுக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆப்களுக்கும் ஹார்டுவேருக்கும் நடுவில் நின்று வேலை வாங்குவதுதான் கெர்னல். லினக்ஸில் ஆடியோ டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலின் பாகமாகவே வருகின்றன. இந்த ஆடியோ பகுதிக்கு 'அல்சா' என்று பெயர். 2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பிலிருந்து இதுதான் நடைமுறையில் இருக்கிறது. அதாவது, கெர்னலை மாற்றினால் சவுண்ட் டிரைவரும் சேர்ந்தே மாறுகிறது.

அல்சாவுக்கு மேலே 'பல்ஸ்ஆடியோ' அல்லது 'பைப்வயர்' ஓடும். உபுண்டுவில் 22.10 பதிப்பு முதல் பைப்வயர்தான். கீழேயிருந்து எந்த சவுண்ட் கார்டும் கிடைக்காதபோது, இவை சும்மா ஒப்புக்கு வைக்கும் பெயர்தான் 'டம்மி அவுட்புட்'. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு என்று அதற்கு அர்த்தமில்லை. கார்டு கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

முதல் வேலை: பழைய கெர்னலுக்குப் போங்க

பலருக்குத் தெரியாத விஷயம் இது. உபுண்டு போன்றவற்றில் புதிய கெர்னல் வந்தாலும், முந்தையது உடனே அழிவதில்லை. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, லோகோ மறைந்ததும் எஸ்கேப் கீயை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் மெஷின் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், குறைந்த எண் உள்ள கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். 'ரெக்கவரி மோட்' என்று எழுதியிருப்பது வேண்டாம்.

சத்தம் வந்துவிட்டதா? அப்படியென்றால் ஸ்பீக்கர் நல்லா இருக்கு, தப்பு புதிய கெர்னல் பக்கம். செலவே இல்லாமல் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பழையதிலும் வரவில்லை என்றால், லைவ் யூஎஸ்பி ஒன்றில் பூட் செய்து பாருங்கள். அதில் கேட்டால் கோளாறு செட்டிங்ஸிலோ, கூடவே அப்டேட் ஆன வேறு மென்பொருளிலோ இருக்கலாம். அதிலும் கேட்காதபோதுதான் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட வேண்டும்.

டம்மி அவுட்புட் காட்டினால்...

இதற்கு அடிக்கடி பார்க்கும் காரணங்கள் மூன்று.

1. டிரைவர் வந்து சேரவில்லை: உபுண்டுவில் சவுண்ட் டிரைவர்கள் பலவும் 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' என்ற தனி பேக்கேஜில் இருக்கின்றன. கெர்னல் மட்டும் இறங்கி இது விடுபட்டால் சத்தம் வராது. சில மெஷின்களில் வைஃபையும் சேர்ந்தே போகும். ஓடும் கெர்னலின் எண்ணும் இந்தப் பேக்கேஜின் எண்ணும் அச்சு அசல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சரியான எண்ணுள்ளதை இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

2. ஃபர்ம்வேர் இல்லை: மைக் உள்ளேயே பொருத்தப்பட்ட புதிய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் டிரைவர் மட்டும் போதாது, 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' கோப்பும் வேண்டும். டெபியன், உபுண்டு இரண்டிலும் 'ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்டு' என்று தேடினால் கிடைக்கும்.

3. மாடலுக்கான திருத்தம் உடைந்துவிட்டது: ஒரே சவுண்ட் சிப் பல கம்பெனி லேப்டாப்களில் இருக்கும். ஆனால் ஸ்பீக்கருக்கு எந்த வழியாக இணைப்புக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது. அதனால் 'இந்த மாடலுக்கு இப்படி' என்று ஒரு நீளமான பட்டியலையே கெர்னல் வைத்திருக்கிறது. ஒரு மாடலுக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றின் வாயை அடைத்துவிடும். இதை நாமே சரிசெய்வது கஷ்டம். அடுத்த அப்டேட் வரும் வரை பழைய கெர்னல்தான் வழி.

கார்டு தெரியுது, சத்தம்தான் இல்லை!

இது சின்னப் பிரச்னைதான். முதலில் அவுட்புட்டில் டிவிக்கான எச்டிஎம்ஐ தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து டெர்மினலில் 'அல்சாமிக்ஸர்' கமாண்டைக் கொடுத்து, எஃப்6 அழுத்தி உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஸ்பீக்கர் பட்டைகளின் கீழே 'எம்எம்' என்று இருந்தால் மியூட் என்று அர்த்தம். எம் கீயைத் தட்டினால் திறந்துகொள்ளும். 'ஆட்டோ-மியூட்' ஆன் ஆகியிருந்தால், ஹெட்போன் சொருகாமலே சொருகியதாக நினைத்து ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதையும் ஆஃப் செய்து பாருங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க

இடம் காலி பண்றேன் என்று பழைய கெர்னலை நீக்கிவிடாதீர்கள். அதே சமயம் மாதக்கணக்கில் அதிலேயே இருப்பதும் சரியில்லை, புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குக் கிடைக்காது.

சும்மா காத்திருக்கவும் வேண்டாம், புகார் கொடுங்கள். நேற்று வரை ஓடியதை அப்டேட் உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாராகப் பிடித்திருக்கும் விதி. உபுண்டுவில் 'உபுண்டு-பக்' கமாண்ட் தேவையான விவரங்களைத் தானே திரட்டித் தரும். எந்த எண்ணில் சத்தம் வந்தது, எந்த எண்ணில் நின்றது என்ற இரண்டையும் எழுதுங்கள். கோளாறைத் தேடுபவர்களுக்கு அதுதான் பெரிய உதவி.

சரி, இன்டர்வியூ பத்து மணிக்கு, இப்போ ஒன்பது ஐம்பது என்றால்? ரிப்பேர் எதுவும் ஆரம்பிக்காதீங்க. பழைய கெர்னலில் பூட் செய்து இன்டர்வியூவை முடிங்க. மத்ததை சாயங்காலம் பார்த்துக்கலாம்!