பிளாட்டினம்: அணிவதற்கு உகந்தது, அடகுக்கு ஆகாதது

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை நீளும் எல்லையோர ஊர்களில் பொன்னைப் பவன் கணக்கில்தான் பேசுவர். ஒரு பவன் என்பது எட்டு கிராம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆயினும் திருமண உறவும் நகைக் கணக்கும் அந்த எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தவில்லை. இரு பக்கத்திலும் பெண்ணுக்கு இட்ட பொன், மருத்துவச் செலவு வந்தாலும் கல்லூரிக் கட்டணம் வந்தாலும் வங்கிக்கு வந்து, பணமாகித் திரும்புகிறது.

இப்போது மோதிரம் மாற்றுவதற்குப் பிளாட்டினத்தை விரும்பும் இளைஞர்களும் உண்டு. அந்த விருப்பத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பொன் செய்யும் வேலையை அதுவும் செய்யும் என்று எண்ணி வாங்குவதுதான் இடர்.

தென் அமெரிக்க ஆற்று மணலில் இதைக் கண்ட ஸ்பானியர்கள் ‘சிறு வெள்ளி’ என்னும் பொருளில் பெயரிட்டனர். உண்மையில் இது வெள்ளியைப் போல இருமடங்கு அடர்த்தி கொண்டது, பொன்னைவிடவும் கனமானது. ஆகவே ஒரே அளவுள்ள மோதிரம் பிளாட்டினத்தில் கூடுதல் எடை காட்டும். கருக்காது. கீறல் விழுந்தாலும் உலோகம் பெரும்பாலும் தேய்ந்து உதிராமல் ஓரத்துக்கு ஒதுங்குகிறது. வைரத்தை இறுகப் பிடித்துக்கொள்வதற்கு ஏற்றது. பொன் 1,064 பாகை செல்சியசில் உருகும்; இதற்கோ 1,768 பாகை வேண்டும். ஊர்ப் பொற்கொல்லரின் பட்டறையில் அந்த வெப்பத்துக்கு வழியில்லாததால், அளவு மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் பெரும்பாலும் விற்ற கடையையே நாட வேண்டியிருக்கிறது.

வெள்ளைத் தங்கத்தையும் பிளாட்டினத்தையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். முன்னது வேறு உலோகங்கள் கலந்த பொன்; 18 காரட் எனில் முக்கால் பங்கு பொன். பிளாட்டின நகையில் பொதுவாக ஆயிரத்தில் 950 பங்கு தூய பிளாட்டினம், ‘பி.டி. 950’ என ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பர்.

‘பொன்னைவிட விலை உயர்ந்தது’ என்னும் எண்ணமும் பழையதாகிவிட்டது. 2008 மார்ச்சில் அவுன்ஸ் 2,200 டாலரைத் தாண்டிய பிளாட்டினம், அதே ஆண்டின் இறுதி மாதங்களில் 900 டாலருக்கும் கீழே இறங்கியது. 2015-க்குப் பிறகு பொன்னைவிடக் குறைந்த விலையிலேயே இருந்து வருகிறது. வாகனப் புகையைத் தூய்மைப்படுத்தும் கருவிகளுக்கே இதில் பெரும்பங்கு செல்கிறது. சுரங்க உற்பத்தியின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. கார் விற்பனையும் அந்நாட்டுச் சுரங்க வேலைநிறுத்தமும் நம் விரல் மோதிரத்தின் விலையை அசைக்கும் என்பது சற்று வியப்பளிக்கக்கூடியதுதான்!

இனி கடனுக்கு வருவோம். இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகள் தங்க நகை, வெள்ளி நகை, குறிப்பிட்ட நாணயங்கள் ஆகியவற்றையே ஈடாக ஏற்கின்றன. நுகர்வுத் தேவைக்கான கடன் 2½ லட்சம் ரூபாய் வரை எனில், தங்கத்தின் மதிப்பில் 85 விழுக்காடு வரை பெறலாம். அந்தப் பட்டியலில் பிளாட்டினம் இல்லை. பொன்னும் பிளாட்டினமும் இணைத்துச் செய்த சங்கிலியானாலும், கற்களின் எடையைக் கழிப்பதுபோலப் பிளாட்டினத்தின் எடையும் மதிப்பில் சேராது. கவுண்டருக்கு வந்த பின் இதை அறிந்து முகம் வாடும் வாடிக்கையாளரிடம், விதியைச் சொல்வதைத் தவிர அலுவலர் வேறொன்றும் செய்வதற்கில்லை.

எனவே திருமணத்துக்கு ஒதுக்கிய தொகையில் மோதிரம் அளவுக்குப் பிளாட்டினம் வாங்குவதில் தவறில்லை. பவன் கணக்கில் சேர்க்கும் பங்கைப் பொன்னாகவே வைத்திருப்பது நன்று. வாங்கும்போது உலோகத்தின் எடை, தூய்மை, செய்கூலி ஆகியவை பில்லில் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். திரும்பக் கொடுத்தால் எத்தனை விழுக்காடு பிடித்தம் செய்வர், பணமாகத் தருவார்களா அல்லது வேறு நகையாக மட்டுமே மாற்றித் தருவார்களா என்பதைக் கடையில் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.