குருவி பார்ப்பதில் கெட்டிக்காரர் ஆணா? பெண்ணா?

ஈப்போவில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரம். ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த கணவன் மனைவி இருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் தாம் மெர்போக் புறா வளர்த்த கதையை அவிழ்த்துவிட்டார். கூண்டை உயரக் கம்பத்தில் ஏற்றியது, போட்டிக்குக் கொண்டுபோனது, ஒன்றும் பாக்கியில்லை. கடைசியில், "குருவி விசயமெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம், தம்பி. பொம்பளைங்களுக்குக் கோழியும் காக்காயும்தான் தெரியும்" என்று ஒரு போடு போட்டார்.

அந்த அம்மா எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஏங்க, விடியக்காலயில டொக் டொக்குனு தட்டுமே ஒரு குருவி, அது எங்க முட்ட போடும்? சொல்லுங்க பாப்போம்."

"மரத்துலதான். வேற எங்க?"

"தரையில! சருகு மேலயே போடும். கூடும் கெடையாது ஒண்ணும் கெடையாது. என் நெரையில எத்தன தடவ பாத்திருக்கேன். மிதிச்சிடக் கூடாதுன்னு பக்கத்துல குச்சி நட்டு வெச்சிட்டு வெட்டுவேன். காண்டா தூக்கிக்கிட்டு ஓடுன ஒங்களுக்குத் தரை எங்க தெரிஞ்சிச்சு?"

அம்மா சொன்னது முற்றிலும் சரி. தமிழில் அதைப் பக்கி என்பார்கள். மலாய்க்காரர்கள் 'புரூங் துக்காங்' என்பார்கள், தச்சர் குருவி என்று பொருள். சருகின் நிறமே அதன் நிறம். அடைகாக்கும்போது காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பெரட்டு முடிந்து தலைவிளக்கோடு நிரைக்குப் போனவர்களுக்கு அந்தக் குரல் மறக்காது.

அப்படியானால் பெண்களின் கண்தான் கூர்மையா? பிறவியில் சில வித்தியாசங்கள் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை ஆண்களிடமே அதிகம். மேலை நாடுகளில் ஏறக்குறைய 12 ஆண்களில் ஒருவருக்கு அது இருக்கிறது, பெண்களிலோ 200 பேரில் ஒருவருக்குத்தான். வயது ஏற ஏற, கீச்சென்ற மெல்லிய ஒலிகள் ஆண்களின் காதில் முதலில் மங்கும். ஆனால் இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பெரிய வித்தியாசம், யார் எதைத் தேடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இதற்கு அறிவியல் உலகத்திலேயே நல்ல சாட்சி உண்டு. பாடுவது ஆண் பறவைதான், பெண் கேட்டுக்கொண்டிருக்கும் என்று படித்தவர்கள் நூறாண்டுக்கு மேல் எழுதிவந்தார்கள். 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. தகவல் கிடைத்த பாடும் பறவை இனங்களில் 71 விழுக்காட்டில் பெண்ணும் பாடுகிறது என்று அது சொன்னது! பிறகு 2020-ல் இன்னொரு கணக்கு எடுத்தார்கள். பொதுவாகப் பறவைப் பாட்டு பற்றிய கட்டுரைகளில் 44 விழுக்காட்டில்தான் முதல் ஆசிரியர் பெண். பெண் பறவையின் பாட்டு பற்றிய முக்கியக் கட்டுரைகளிலோ 68 விழுக்காடு. பெண்கள் வந்து காது கொடுத்த பிறகுதான் பெண் குருவியின் பாட்டு நன்றாகக் கேட்டது.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். சினிமாப் பாட்டில் குயில் என்றாலே பெண். உண்மையில் 'கூ... ஊ' என்று கூவுவது கறுப்பு நிற ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அது 'கிக் கிக்' என்றுதான் கத்தும். கவிஞர்கள் நிமிர்ந்து மரத்தைப் பார்க்கவில்லை போலும்!

வாய்ப்புக் கிடைத்த பெண்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் பீபி ஸ்னெட்சிங்கர் என்ற அம்மையார் நாலு பிள்ளைகளை வளர்த்த குடும்பப் பெண். 1981-ல் தோல் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கையை விரித்தார்கள். அவர் படுக்கவில்லை. நாடு நாடாகப் போனார். 1995-ல் 8,000 பறவை இனங்களைப் பார்த்த முதல் மனிதர் என்ற பெயர் எடுத்தார். 1999-ல் மடகாஸ்கரில் பறவை பார்க்கப் போன இடத்தில் வாகன விபத்தில்தான் இறந்தார். இந்தியாவில் ஜமால் ஆரா என்ற பெண்மணி எழுதிய பறவை நூல் 1970-லேயே வெளிவந்துவிட்டது.

நம் தோட்டத்துப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இருந்த கண்ணையும் வேலை கெடுத்தது. செம்பனை வந்த பிறகு மருந்தடிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களைத்தான் விட்டார்கள். பாராகுவாட் களைக்கொல்லி தெறித்துக் கண் எரிந்து நீர் வடிய வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்! அந்த மருந்துக்கு மலேசியாவில் முழுத் தடை வந்தது 2020 சனவரி 1-ல்தான். ஆண்களுக்குப் புல்வெட்டும் இயந்திரம். நாள் முழுவதும் அந்த இரைச்சலில் நின்ற காதுக்குத் தையல்சிட்டின் குரல் எப்படிக் கேட்கும்? ஆகவே பெரியவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வெகு நாளைக்கு முன் எங்கள் தோட்டத்துக்குப் பறவைக் கணக்கெடுக்கச் சிலர் வந்தார்கள். கிராணியைக் கேட்டார்கள், மண்டோரைக் கேட்டார்கள், கண்ணி வைக்கும் வாலிபர்களைக் கேட்டார்கள். அல்லூரில் ருவாக்-ருவாக் குஞ்சு பொரித்ததை அன்று காலைதான் பார்த்துவிட்டு வந்த என் தாயார் ஐந்தடி தூரத்தில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. லயமும் இல்லை, என் தாயாரும் இல்லை. ஈப்போ பக்கம் பறவை பார்க்க வேண்டுமானால் பத்து காஜா அருகே பழைய ஈயக் குட்டைகள் இருக்கின்றன. நாரையும் கொக்கும் அங்கே கூட்டமாகக் கூடு கட்டும். கடலோரம் கோலா குலாவுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வரும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் பாட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

டொக் டொக் குருவிக்கு உங்கள் தோட்டத்துப் பெண்கள் என்ன பேர் வைத்திருந்தார்கள்? கேட்டு, தோட்டத்தின் பேரோடு எழுதி அனுப்புங்கள். கல்யாண வீட்டில் நான் கேட்டபோது அந்த அம்மா, "எழுப்பிவுடுற குருவி" என்றார். பெரியவர், "நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார்.