பிடி தவறினால் ஓட்டம்!

மட்டையில் படாத பந்துக்கும் கிரிக்கெட்டில் ஓட்டம் எடுக்கலாம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்குப் ‘பை’ என்று பெயர். எங்கள் ரிஷிவந்தியம் பக்கத்தில், கோடையில் காய்ந்து கிடக்கும் ஏரிக்குள் ஆடும் பையன்கள், ‘பை ரன் கிடையாது’ என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வார்கள். ஸ்டம்புக்குப் பின்னால் தேர்ந்த விக்கெட் கீப்பர் இல்லாவிட்டால், பந்தடிப்பதை விடப் பந்து பொறுக்குவதே ஆட்டமாகிவிடும் அல்லவா?

ஆனால் பெரிய ஆட்டங்களில் இந்த ஒரு ஓட்டம் முடிவையே மாற்றக்கூடியது. 2016 மார்ச் 23 அன்று பெங்களூரில் இந்தியாவும் வங்கதேசமும் உலகக் கோப்பை இருபது ஓவர் போட்டியில் மோதின. கடைசிப் பந்தில் வங்கதேசத்துக்குத் தேவை 2 ஓட்டங்கள். ஒன்று எடுத்தால் சமன். பந்து மட்டையில் படவில்லை. ஆயினும் எதிர்முனையில் இருந்தவர் ஓடி வந்தார். வலக்கை உறையை முன்னரே கழற்றி வைத்திருந்த தோனி, பந்தைப் பிடித்து, எறியாமல் தாமே ஓடிச் சென்று ஸ்டம்பைத் தட்டினார். இந்தியா ஒரு ஓட்டத்தில் வென்றது.

இதே கருத்து அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் இன்னும் விந்தையான ஒரு விதியாக இருக்கிறது. அதன் உட்பொருளைப் பார்ப்போம்.

மூன்றாவது தவறு

பேஸ்பாலில் மட்டை வீசித் தவறினால் அது ஒரு ‘ஸ்ட்ரைக்’. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அடிப்பவர் அவுட். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மூன்றாவது பந்தை, அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருக்கும் பிடிப்பவர், அது தரையில் படுமுன் பிடித்தாக வேண்டும். பிடி தவறினால் அடிப்பவர் முதல் தளத்துக்கு ஓடலாம். அவர் சேருமுன் பந்து அங்கே வந்துவிட்டாலோ, அவரைப் பந்தால் தொட்டுவிட்டாலோதான் அவுட்.

இது இடையில் ஒட்டவைத்த விதியன்று. 1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் எழுதிய விதிகளிலேயே இது உள்ளது: மூன்றாவது பந்து பிடிபடாவிட்டால், அதை அடித்த பந்தாகவே கருதி அடிப்பவர் ஓட வேண்டும். நம் கிட்டிப்புள்ளை நினைத்துப் பாருங்கள். புள் அந்தரத்தில் பிடிபட்டால் ஆள் அவுட். தரையில் விழுந்துவிட்டால் ஆட்டம் தொடரும். அதே நியாயந்தான் இங்கும்.

பிடிப்பது ஏன் கடினம்?

பேஸ்பாலின் நிறை சுமார் 145 கிராம். தேர்ந்த வீரர் அதை மணிக்கு 144 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் எறிவார். எறியுமிடத்திலிருந்து அடிப்பவரின் தளம் 18.44 மீட்டர், பந்து வந்து சேர அரை வினாடிகூட ஆவதில்லை. அதன் இயக்க ஆற்றல் 116 ஜூல். பிடிப்பவர் கையைப் பின்னிழுத்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் அதை நிறுத்தினால், சராசரி விசை 1,160 நியூட்டன்; ஏறத்தாழ 118 கிலோ மூட்டையின் எடை! கையை விறைப்பாக வைத்து 2 சென்டிமீட்டரில் நிறுத்த முயன்றால் விசை ஐந்து மடங்காகும், பந்து தெறித்துவிடும். தடித்த கையுறையின் பயன் இதுவே.

வேகம் மட்டுமன்று, சுழற்சியும் உண்டு. பந்தின் மேற்பகுதி முன்னோக்கிச் சுழலுமாறு எறிந்தால், பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேல்நோக்கித் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பந்தைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். புவியீர்ப்பால் விழும் தூரத்துக்கு மேல், ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை பந்து கூடுதலாக இறங்கிவிடும். அடிப்பவர் ஏமாறுவது இதனால்தான். பிடிப்பவரும் சில வேளை இதனாலேயே ஏமாறுகிறார். ஒருவரை வீழ்த்த எறிந்த பந்து தன் கட்சிக்காரரையே சோதிக்கிறது!

ஓட்டப் பந்தயம்

பந்து தவறிய பின் நடப்பது ஓர் ஓட்டப் பந்தயம். முதல் தளம் 27.4 மீட்டர் தொலைவில் உள்ளது. அடிப்பவர் அங்கே சேரச் சுமார் 4.3 வினாடி ஆகும். பந்து காலடியிலேயே கிடந்தால், எடுக்க ஒரு வினாடி; வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் எறிந்தால் தளம் சேர இன்னும் ஒரு வினாடி. ஓடுபவர் பாதி வழிகூடச் சென்றிருக்க மாட்டார். பந்து 10 மீட்டர் பின்னால் உருண்டுவிட்டாலோ, ஓடிப் பிடிக்க 2 வினாடி, எடுத்துத் திரும்ப ஒன்று, எறிய ஒன்றேகால், ஆக 4.25 வினாடி. மயிரிழைப் போட்டிதான்!

தந்திரத்துக்குத் தடை

முதல் தளத்தில் ஏற்கெனவே ஒரு வீரர் நின்றால் என்ன ஆகும்? ஒரு தளத்தில் இருவர் நிற்க முடியாது. அடிப்பவர் ஓடி வந்தால் அவர் இரண்டாம் தளத்துக்குக் கிளம்பியாக வேண்டும். பிடிப்பவர் வேண்டுமென்றே பந்தை நழுவவிட்டு, இரண்டு தளங்களுக்கும் அடுத்தடுத்துப் பந்தை அனுப்பச் செய்து, ஒன்றுக்கு இரண்டாக அவுட் எடுத்துவிடலாம். அதனால், முதல் தளத்தில் ஆள் இருந்து, இரண்டு பேர் அவுட் ஆகாதிருக்கும் வரை, பிடி தவறினாலும் அடிப்பவர் அவுட்தான். இரண்டு பேர் அவுட் ஆகிவிட்டால் தேவை இன்னும் ஒரே அவுட், தந்திரத்தால் லாபமில்லை. எனவே பழைய விதி மீண்டும் வந்துவிடும்.

இந்த விதியின் வலிமையை 1941 அக்டோபர் 5 அன்று புரூக்ளின் நகரம் கண்டது. அமெரிக்காவின் உயர்ந்த கோப்பைக்கான தொடர் அது. கடைசிச் சுற்று, யாங்கீஸ் அணியில் இருவர் அவுட், டாட்ஜர்ஸ் 4-3 என முன்னிலை. டாமி ஹென்ரிக் மூன்றாவது பந்தையும் தவறவிட்டார். ஆட்டம் முடிந்தது என்றிருந்த நொடியில், பந்து பிடிப்பவர் மிக்கி ஓவனிடமிருந்து நழுவி ஓடியது. ஹென்ரிக் முதல் தளம் சேர்ந்தார். யாங்கீஸ் மேலும் நான்கு ஓட்டங்கள் எடுத்து 7-4 என வென்றது. மறுநாள் கோப்பையையும் கைப்பற்றியது.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பரை ஒரு தக்காளியை எறியச் சொல்லுங்கள். கையை நீட்டி விறைப்பாகப் பிடியுங்கள். பிறகு, தக்காளியோடு சேர்த்துக் கையைப் பின்னிழுத்துப் பிடியுங்கள். எந்தத் தக்காளி முழுதாகக் கையில் இருக்கிறது என்பதே மேலே சொன்ன கணக்குக்கு விடை.