ஆறாம் வாரத்தில் அன்னைக்கும் ஒரு பரிசோதனை

குழந்தை பிறந்த ஆறாம் வாரத்தில் தடுப்பூசிக்காக மருத்துவமனைக்குச் செல்கிறோம். அட்டையில் தேதி குறித்திருப்பதால் அந்நாள் தவறுவதில்லை. கர்ப்பகாலத்தில் சர்க்கரை கூடியிருந்த தாய்க்கும் அதே வாரத்தையொட்டி ஒரு பரிசோதனை உண்டு. அதுதான் நம் வீடுகளில் மறந்துபோகிறது.

பிரசவத்துக்குப் பின் சர்க்கரை அளவு பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பிவிடும். நாமும் நிம்மதி அடைகிறோம். ஆயினும், கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதற்கு முன் வரும் இடைநிலையே 'நீரிழிவுக்கு முந்தைய நிலை'. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறைப்படி, வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம், அல்லது 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 மில்லிகிராம் இருந்தால் அந்நிலை எனக் கொள்ள வேண்டும். இரவு உணவுக்குப்பின் ஒன்றும் உண்ணாமல் சென்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிய பரிசோதனை இது. அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் உடன் செல்லாவிட்டால் தள்ளிப்போவது இயல்பே.

இந்நிலை திரும்ப முடியாத வழியன்று. அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்தலும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்குகளாக இருந்தன. கர்ப்பகால நீரிழிவு கண்டிருந்த பெண்களிடம் நோய் வரும் வாய்ப்பு இதனால் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு அது ஐந்து கிலோதான். தொடர் வைப்பைப் போலச் சிறுகச் சிறுகச் சேரும் பயன் இது.

சமையலறையில்தான் சிக்கல். பிள்ளை பெற்றவளுக்கென்று தமிழகத்தில் லேகியமும் வடக்கே பஞ்ஜீரியும் அன்போடு செய்து தருகிறார்கள். வேண்டாமென்று பெரியோரிடம் சொல்வது எளிதன்று, அளவைச் சுருக்கலாம். வெல்லம் நல்லதென்பர், இரத்தத்தில் அதுவும் சர்க்கரையே. சிறுதானியத்திலும் மாவுச்சத்து உண்டு. கேழ்வரகுக் களியையும் அளந்தே உண்ண வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, எஞ்சிய கால் பங்கே சோறு அல்லது ரொட்டி. பாலூட்டும் தாய் பட்டினி கிடக்கலாகாது. எடைக் குறைப்பை மருத்துவரிடம் கேட்டு மெல்லத் தொடங்கலாம். உணவுக்குப்பின் சிறிது நடப்பதும் சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும்.

முடிவு இயல்பாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், முந்தைய நிலை தெரிந்தால் ஆண்டுதோறும், அடுத்த கருத்தரிப்புக்கு முன்பும் பரிசோதிக்க வேண்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையின் ஓரத்திலேயே அந்தத் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.