பதினேழு மணி நேரக் கெடு

டிரையத்லான் போட்டியில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் இதே வரிசையில், நடுவில் நிறுத்தமில்லாமல் வருகின்றன. தொடக்கத்தில் ஓட ஆரம்பிக்கும் கடிகாரம் முடிவுக் கோட்டைத் தாண்டும்போதுதான் நிற்கிறது. ஈரக் காலைத் துடைத்து ஷூ மாட்டும் நேரமும் கணக்கில் சேரும். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆகிவிட்டது. ஆனாலும் நீண்ட தூரப் போட்டிகளில் கடலோரம் வந்து நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். விடுமுறை எடுத்துக்கொண்டு, கட்டணம் செலுத்தி, பரிசுப் பணத்துக்கு வாய்ப்பில்லாமல் கலந்துகொள்ளும் அமெச்சூர்கள். வாரநாளில் அலுவலகம், வகுப்பறை, மருத்துவமனை, கடை என்று இருப்பவர்கள். ஐந்தைந்து ஆண்டாக வகுத்த வயதுப் பிரிவுகளில் இவர்கள் போட்டியிடுகிறார்கள். தொழில்முறை வீரர் ஓடும் அதே சாலையில், அதே நாளில், அதே தூரம் இவர்களுக்கும் உண்டு. இப்படி ஒரு வாய்ப்பை மிகச் சில விளையாட்டுகளே தருகின்றன.

இந்த விளையாட்டை உருவாக்கியவர்களே அமெச்சூர்கள்தாம். 1974 செப்டம்பர் 25 அன்று கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்னும் விரிகுடாக் கரையில், உள்ளூர் ஓட்டக்காரர் சங்கம் ஒரு புது மாதிரிப் போட்டியை நடத்தியது. ஜாக் ஜான்ஸ்டன், டான் ஷனஹன் இருவரும் அதை வடிவமைத்தார்கள். 46 பேர் கலந்துகொண்டார்கள். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் அவர்களில் ஒருவர். பின்னர் அவர் ஹவாயின் ஒவாஹு தீவுக்கு மாற்றலானார். அங்கே நீச்சல்காரர், சைக்கிள்காரர், ஓட்டக்காரர் இவர்களில் யாருக்கு உடல் வலு அதிகம் என்று நண்பர்களிடையே வாக்குவாதம் எழுந்தது. காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் அதற்கு ஒரு வழி சொன்னார்கள்: தீவில் ஏற்கெனவே தனித்தனியே நடந்துவந்த கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பயணம், ஹொனலூலு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் முடித்துப் பார்ப்பது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். முடிப்பவருக்கு 'அயர்ன்மேன்' என்று பெயர்.

1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டார்கள். 12 பேர் முடித்தார்கள். வழியில் தண்ணீர் கொடுக்க ஏற்பாடு எதுவும் கிடையாது. அவரவர் நண்பர்களே வண்டியில் பின்தொடர்ந்து கவனித்துக்கொண்டார்கள். ஓட்டத்தில் முன்னணியில் இருந்த ஜான் டன்பாருக்கு ஒரு கட்டத்தில் தண்ணீர் தீர்ந்துபோக, உடன் வந்தவர்கள் கையில் இருந்த பீரைக் கொடுத்தார்கள். கார்டன் ஹாலர் அவரை முந்தி 11 மணி 46 நிமிடம் 58 வினாடியில் முதலில் வந்தார். மறு ஆண்டு லின் லெமெர் என்ற பெண் தனியொரு பெண்ணாகக் கலந்துகொண்டு மொத்தத்தில் ஐந்தாவதாக முடித்தார். போட்டி 1981இல் ஹவாய் பெருந்தீவின் கோனா பகுதிக்கு மாறியது.

உலகம் இதைக் கவனித்தது 1982 பிப்ரவரியில்தான். ஜூலி மாஸ் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவி, உடற்பயிற்சியியல் படிப்பில் தன் ஆய்வுக்காக இந்தப் போட்டியில் சேர்ந்திருந்தார். பெண்களில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவருக்கு முடிவுக் கோட்டை நெருங்கும்போது கால்கள் நின்றுவிட்டன. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசிச் சில மீட்டரில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றுவிட்டார். மாஸ் கையூன்றித் தவழ்ந்து, 29 வினாடி பின்னால் கோட்டைத் தொட்டார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் ஏராளமானோர் அடுத்தடுத்த ஆண்டுகளில் போட்டியைத் தேடி வந்தார்கள். ஜெயித்தவரைவிட, தவழ்ந்து முடித்தவரே சாதாரண மனிதர்களை இந்த விளையாட்டுக்கு அழைத்துவந்தார் என்பது அதன் இயல்பைச் சரியாகச் சொல்கிறது.

இன்று இதில் நான்கு தூரங்கள் வழக்கத்தில் உள்ளன. தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற 'ஸ்பிரின்ட்' 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதன் இரட்டிப்பு. மூன்றாவது, அயர்ன்மேனில் பாதி: 1.9, 90, 21.1 கிலோமீட்டர். மைல் கணக்கில் கூட்டினால் 70.3 வருவதால் அந்த எண்ணே அதன் பெயர். நான்காவது முழு அயர்ன்மேன். 70.3 வரிசைப் போட்டி 2018 பிப்ரவரியில் கொழும்பிலும் 2019 அக்டோபரில் கோவாவின் மிராமர் கடற்கரையிலும் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு ரயில் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்துக்கு இந்த விளையாட்டு வந்துவிட்டது.

மூன்றில் நீச்சல்தான் நேரம் குறைவு, பயம் அதிகம். குளத்திலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்கள் பலர் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்தே நீந்துவார்கள். அந்த முறையில் இடுப்பும் காலும் கீழே தாழ்ந்து தண்ணீரின் எதிர்ப்பு கூடும். கழுத்தும் சீக்கிரமே வலிக்கும். முகத்தை அமிழ்த்தி, மூச்சைத் தண்ணீருக்குள் விட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சிழுக்கும் முறையைப் பெரியவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. நீச்சல் குளத்தில் அது கைவந்த பிறகும் கடல் வேறு விதமாக இருக்கும். அடியில் கோடு தெரியாது. பிடித்து நிற்கச் சுவர் கிடையாது. சில வீச்சுகளுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே உயர்த்தி, மிதவை எங்கே இருக்கிறது என்று பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் 1,900 மீட்டருக்குப் பதில் 2,200 மீட்டர் நீந்தும்படி ஆகிவிடும்.

முதல் இருநூறு மீட்டர் மிகக் கடினமானது. நூற்றுக்கணக்கானோர் ஒரே திசையில் நீந்தும்போது ஒருவர் கை இன்னொருவர் முதுகில் விழும், முன்னால் போகிறவரின் கால் கண்ணாடியைத் தட்டிவிடும், ஒரு மிடறு உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போகும். இதயம் படபடக்கும். மூச்சு குறுகும். குளத்தில் நன்றாக நீந்தியவர்களே 'முடியாது, திரும்பிவிடலாம்' என்று நினைப்பது இந்த இடத்தில்தான். பழகியவர்கள் செய்வது ஒன்றே: வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, மூச்சை முழுவதுமாக வெளியே விடுவது. பாதுகாப்புப் படகையோ பலகையையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்க விதி அனுமதிக்கிறது. அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரையிலான டிரையத்லான் போட்டிகளை ஆராய்ந்த மருத்துவர்கள் 135 மரணங்களையும் திடீர் இதயநிறுத்தங்களையும் கணக்கெடுத்தார்கள். அவற்றில் 90 நீச்சலின்போது நிகழ்ந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது நாற்பதைத் தாண்டியது. கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் லட்சத்துக்கு இரண்டுக்கும் குறைவு. ஆனால் வெளியே தெரியாத இதயநோய் பலரிடம் இருந்தது பின்னர் தெரியவந்தது. நாற்பது வயதுக்கு மேல் இதில் இறங்குபவர் இதயப் பரிசோதனையைச் சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது.

கரையேறியதும் சைக்கிள் நிறுத்தியிருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் இருக்கையால் கம்பியில் மாட்டித் தொங்கும். நீரில் கிடைமட்டமாக இருந்த உடல் சட்டென நிமிர்வதால் தலை லேசாகச் சுற்றும். தன் சைக்கிள் எந்த வரிசை என்பதே பலருக்கு மறந்துபோகும். பாதத்தில் ஒட்டிய மணலை ஒரு குப்பித் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் சாக்ஸ் மாட்ட வேண்டும். நான்கு மணல் துகள் உள்ளே போனாலும் ஓட்டத்தில் கொப்புளமாகிவிடும். ஈரக் காலில் சாக்ஸ் பாதியில் சுருண்டு நிற்கும். விரல்கள் விறைத்து, ஹெல்மெட் கொக்கி லேசில் மாட்டாது. அந்தக் கொக்கியை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம் என்பது விதி. குறிப்பிட்ட கோடு வரை தள்ளிக்கொண்டு போய், அதைத் தாண்டிய பிறகே ஏறலாம். பதற்றத்தில் மாற்றிச் செய்து தண்டனை வாங்குபவர் ஒவ்வொரு போட்டியிலும் உண்டு. முந்தைய நாளே வீட்டு வாசலில் பத்துமுறை இதை ஒத்திகை பார்ப்பது நல்ல பழக்கம்.

மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதி சைக்கிளில் போகிறது. ஒலிம்பிக்கில் வீரர்கள் கூட்டமாக ஓட்டலாம். அமெச்சூர்களுக்கோ முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒளிந்து ஓட்டத் தடை உண்டு. அயர்ன்மேன் விதிப்படி முன்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை 12 மீட்டர் இடைவெளி வேண்டும். மீறினால் ஐந்து நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்க வேண்டும். டயர் பங்சரானால் டியூபைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டும். குடும்பத்தார் ஓரத்தில் நின்றாலும் உதவக் கூடாது. கோனாவில் இந்தப் பகுதி எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை வெளியில், கா'அஹுமானு அரசியின் பெயர் கொண்ட நெடுஞ்சாலையில் நடக்கிறது. நிழல் கிடையாது. ஹாவி என்ற ஊரை நெருங்கும்போது மலையிலிருந்து இறங்கும் பக்கக்காற்று சைக்கிளையே தள்ளிவிடப் பார்க்கும்.

புதியவர்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் அவர்களுக்கே தெரியாமல். நீச்சல் முடிந்த நிம்மதியும் சாலையோரக் கைதட்டலும் சேர்ந்து முதல் ஒரு மணி நேரத்தில் வேகமாக மிதிக்க வைக்கும். அதன் விலை ஓட்டத்தில் தெரியும். பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தைத் தாண்டாமல், பின்னால் வருபவர்கள் முந்திப் போவதைப் பார்த்துக்கொண்டு அடங்கி ஓட்டுவதுதான் அமெச்சூர் கற்க வேண்டிய முதல் திறமை. உடல் வலிமையைவிட இந்த அடக்கம் கடினம்.

சாப்பாடு இந்த விளையாட்டின் நான்காவது பந்தயம் என்றே சொல்லலாம். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரை சுமார் 2,000 கலோரிதான். முழு அயர்ன்மேனுக்குச் செலவாவது அதைப்போலப் பல மடங்கு. மிச்சத்தைக் கொழுப்பும் வழியில் உண்பதும் ஈடுகட்ட வேண்டும். குடல் ஒரு மணி நேரத்தில் 60 கிராம் அளவுக்குத்தான் குளுக்கோஸை உறிஞ்சும். பழச்சர்க்கரை வேறு வழியாக உள்ளே போவதால் இரண்டையும் கலந்தால் 90 கிராம் வரை ஏறும். ஆனால் பழக்கமில்லாத வயிறு இதை ஏற்காது. அதனால் பயிற்சி நாட்களிலேயே சைக்கிளில் உட்கார்ந்தபடி வாழைப்பழமோ, பேரீச்சையோ, கடையில் விற்கும் ஜெல்லோ அளவு வைத்துச் சாப்பிட்டுக் குடலைப் பழக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று முற்றி, உயிருக்கே உலை வைக்கும். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதும், உப்புச் சேர்ந்த பானமாகக் குடிப்பதும் பாதுகாப்பு.

சைக்கிளிலிருந்து இறங்கி எடுத்துவைக்கும் முதல் அடிகள் விநோதமானவை. பல மணி நேரம் வட்டமாகச் சுழன்ற கால்கள் தரையில் ஊன்றத் தயங்கும். முழங்காலுக்குக் கீழே தன் கால் இல்லை என்று தோன்றும். சைக்கிள் ஓட்டிய கையோடு ஓடிப் பழகியவர்களுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இது சரியாகும். அதற்குப் பிறகு வருவது வெயிலும் சலிப்பும். உணவு மேசைகளின் அருகே நடந்து, தலையில் தண்ணீர் ஊற்றி, அடுத்த மேசை வரை ஓடி, மறுபடி நடந்து முடிப்பவர்கள் மிக அதிகம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மாரத்தான் முழுக்க ஓடியே தீர வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை.

விதியில் எழுதியிருப்பது கெடு நேரம். முழு அயர்ன்மேனுக்கு 17 மணி நேரம், நீச்சலுக்கு மட்டும் 2 மணி 20 நிமிடம். 70.3க்குப் பொதுவாக எட்டரை மணி நேரம். முதலில் வருபவர் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கடைசி ஆளை வரவேற்க நள்ளிரவில் முடிவுக் கோட்டுக்குத் திரும்பி வருவது கோனாவின் வழக்கம். எழுபதாவது வயதில் டிரையத்லானைத் தொடங்கிய ஜப்பானியர் ஹிரோமு இனாடா, 2015இல் 82 வயதில் அங்கே ஓடினார். கோட்டருகே தடுமாறி விழுந்து எழுந்தவர் 17 மணி நேரத்துக்கு 5 வினாடி பிந்திவிட்டார். அதிகாரப்பூர்வப் பட்டியலில் பெயர் ஏறவில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்து கெடுவுக்குள் முடித்தார். 2018இல் 85 வயதில் மறுபடியும் முடித்தார். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பூடர் 2012இல் கனடாவில் முழு அயர்ன்மேனை 82 வயதில் நிறைவு செய்தார். ஐந்து வினாடிக்குக்கூடச் சலுகை காட்டாத கெடுதான், அதற்குள் வந்து சேரும் கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்கு உரிய அதே பெயரைத் தருகிறது. அதைத் தளர்த்தாமல் வைத்திருப்பது சரியே.

தொடங்க நினைப்பவர் ஸ்பிரின்ட் தூரத்தில் தொடங்கலாம். சாதாரண கியர் சைக்கிள், தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட், ஒரு நீச்சல் கண்ணாடி போதும். விலை உயர்ந்த கார்பன் சைக்கிள் இரண்டாவது ஆண்டுக்குக் காத்திருக்கட்டும். ஓரளவு நீந்தவும் ஓடவும் தெரிந்தவருக்கு மூன்று நான்கு மாதப் பயிற்சி போதுமானது. கடல் நீச்சலை மட்டும் எக்காரணம் கொண்டும் தனியாகப் பழக வேண்டாம். நீந்தத் தெரிந்த துணை ஒருவர், தூரத்திலிருந்து தெரியும்படி பளிச்சென்ற நிறத்தில் தொப்பி, இடுப்பில் கட்டிய மிதவை மூன்றும் இல்லாமல் அலைக்குள் இறங்காதீர்கள்.