'ஃபெயர்' என்னும் ஒரு சொல்

ஆங்கிலம் கற்கப் புகும் மாணாக்கர் நெடிய சொற்களைக் கண்டே பெரிதும் அஞ்சுவர். ஆனால், அவர்களை இடறச் செய்பவை பெரும்பாலும் சிறு சொற்களே. நெடிய சொல்லுக்குப் பொருள் ஒன்றோ இரண்டோதான். அகராதியை ஒருமுறை பார்த்தால் போதும். சிறு சொல்லோ நாள்தோறும் பலர் வாயிலும் வழங்கிப் பல பொருள்களைச் சுமந்து நிற்பது. 'ஃபெயர்' என்னும் பெயரடை அத்தகையது.

தவணை முடிவில் வீட்டுக்கு வரும் தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியர் 'ஃபெயர்' என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். அகராதியைப் புரட்டும் தந்தையார் 'அழகிய', 'நேர்மையான' என்னும் பொருள்களைக் கண்டு மகிழக்கூடும். ஆசிரியர் கருதியதோ 'நன்று' என்பதற்குக் கீழான நடுத்தர நிலையையே. அதே சொல் ஒரு தொகைக்கு அடையாக வருமாயின், 'ஓரளவு பெரிய' தொகை என்று பொருள்படும்.

இவற்றைப் பகுத்தறிய எளிய வழி ஒன்றுண்டு. சொல் நின்ற இடத்தில் அதன் எதிர்ச்சொல் யாது என்று வினவுதல் வேண்டும். தமிழிலும் இவ்வாறே செய்கின்றோம். செந்தாமரைக்கு மாறானது வெண்டாமரை. ஆதலின் அங்கே 'செம்மை' நிறத்தைக் குறிக்கின்றது. செங்கோலுக்கு மாறானது கொடுங்கோல், அதாவது வளைந்த கோல். ஆதலின் அங்கே 'செம்மை' நேர்மையாகின்றது. சிவந்த கோல் என்று எவரும் மயங்குவதில்லை.

'ஃபெயர்' என்பதற்கும் இம்முறை பொருந்தும். வானிலையைப் பற்றி வரின் அதற்கு மாறானது புயலும் மழையும். எனவே தெளிந்த வானிலை என்க. கூந்தலைப் பற்றி வரின் மாறானது கருமை. எனவே பொன்னிறக் கூந்தல். எழுதிய படியைப் பற்றி வரின் மாறானது அடித்தல் திருத்தல் நிறைந்த முதற்படி. எனவே திருத்தி எழுதிய நற்படி. விளையாட்டில் மாறானது வஞ்சனை. எனவே நெறிப்படி ஆடுதல். சந்தையைக் குறிக்கும் 'ஃபெயர்' மட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது திருநாளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்து, ஒலியால் மட்டும் ஒத்து நிற்பது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு 'அழகிய', 'இனிய' என்பனவே பொருள். அழகியது மாசற்றது, மாசற்ற நடத்தை நேர்மையானது. இவ்வழியே நீதியைக் குறிக்கும் பொருளும் கிளைத்தது. வெளிறிய நிறத்தை அழகெனக் கொண்ட மக்களிடையே, அழகைக் குறித்த சொல் அந்நிறத்துக்கும் பெயராயிற்று. 1609 ஆம் ஆண்டில் அச்சேறிய சேக்ஸ்பியரின் பதினான்கடிப் பாடல்களுள் 127 ஆவது, இவ்விரு பொருளையும் மோதவிட்டுக் கரிய நிறத்துக்கு அழகின் உரிமையை வழங்குகின்றது.

இது புலவர் விளையாட்டாக மட்டும் நின்றுவிடவில்லை. ஒரே சொல் அழகையும் வெண்மையையும் குறிக்கும்போது, கருநிறத்தார் அழகற்றவர் என்னும் எண்ணம் வாதமின்றியே உள்ளத்தில் புகுந்துவிடும். இந்தியாவில் 1975 இல் விற்பனைக்கு வந்த முகப்பூச்சு ஒன்று 'ஃபெயர் அண்ட் லவ்லி' என்னும் பெயர் தாங்கியது. நிறவேற்றுமை குறித்து உலகெங்கும் கண்டனம் எழுந்த 2020 இல் அப்பெயரிலிருந்து 'ஃபெயர்' நீக்கப்பட்டு 'குளோ' என்னும் சொல் இடம்பெற்றது. சங்கப் புலவர்களோ பெண்ணின் மேனியழகை 'மாமை' என்று போற்றினர். அது மாந்தளிரின் நிறம். மணப்பெண் தேடும் விளம்பரங்களில் வெண்ணிறம் கேட்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

நீதிமன்றத்தில் இச்சொல் மேலும் கனமுடையது. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை, குற்றஞ்சாட்டப்பட்ட எவருக்கும் தகுதிவாய்ந்த நீதிமன்றத்தில் 'ஃபெயர்' ஆன விசாரணை பெறும் உரிமையை அளிக்கின்றது. இங்கு நடுத்தரமான விசாரணை என்று கொள்வார் உளரோ? பக்கஞ்சாராத, இருதரப்பையும் கேட்கின்ற விசாரணை என்பதே பொருள். தேர்ச்சி அறிக்கையில் பிழையாகக் கொண்டால் ஒரு நாள் மகிழ்ச்சியே வீணாகும். வழக்கில் பிழையாகக் கொண்டால் ஒருவரின் சுதந்திரமே பறிபோகும்.

ஆதலால், 'ஃபெயர்' என்பதற்குத் தமிழில் ஒரே சொல்லை மனனஞ்செய்து வைத்துக்கொள்வதால் பயனில்லை. மாணவரும் மொழிபெயர்ப்பாளரும் அச்சொல்லைக் காணுந்தோறும், இங்கே இதற்கு மாறானது கருமையா, புயலா, வஞ்சனையா, பக்கச்சார்பா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். அதன் பின்னரே அகராதியைத் திறக்கட்டும்.